டிவி தச்சர்களைப் பார்த்து வேலையில் இறங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க டிவி தச்சர் நார்ம் ஏப்ரமின் பழைய நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்துவிட்டு அன்று மாலையே கடைக்குப் போய் டேபிள் சா (மேசை நடுவே வட்ட பிளேடு சுழலும் அறுக்கும் மெஷின்) வாங்கி வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களில் நானும் ஒருவன். அமெரிக்காவில் கராஜ் உள்ள வீட்டுக்குக் குடிபோன புதிதில் பலருக்கும் வரும் ஆசைதான் இது, நல்ல ஆசையும்கூட. ஆனால் அந்த நிகழ்ச்சிகளை எப்படிப் பார்க்க வேண்டும் என்று யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் நான் நிறைய மரத்தையும் கொஞ்சம் ரத்தத்தையும் மிச்சப்படுத்தியிருப்பேன்.

முதல் தவறு, திரையில் தெரிவதை முதல் முயற்சி என்று நினைப்பது. பாஸ்டன் பொதுத் தொலைக்காட்சி நிலையம் தயாரித்த 'தி நியூ யாங்கி வொர்க்‌ஷாப்' 1989 முதல் 2009 வரை 21 சீசன்கள் ஓடியது. அதில் நார்ம் ஒரு மேசையைச் செய்து காட்டுகிறார் என்றால், அதே மேசையை ஏற்கெனவே ஒரு முறை முழுதாகச் செய்து முடித்துவிட்டுத்தான் கேமரா முன்னால் வந்து நிற்பார். அளவு எங்கே உதைக்கும், எந்தக் கழுந்து (துளைக்குள் நுழையும் மர நுனி) இறுகும் என்பதெல்லாம் அவருக்கு அப்போதே தெரியும். நாமோ விலை கொடுத்து வாங்கிய ஓக் பலகையில் நேராக ரம்பத்தை வைக்கிறோம், அப்புறம் அரை மணி நேரத்தில் அவர் முடித்தது நமக்கு ஏன் மூன்று வாரம் இழுக்கிறது என்று மனம் உடைகிறோம். மலிவான பைனிலோ மிச்சப் பிளைவுட்டிலோ ஒரு மாதிரி செய்து பாருங்கள். முழு மேசை வேண்டாம், ஒரு மூலை போதும்.

அடுத்தது கருவிப் பட்டியல். நிகழ்ச்சியில் எதைப் பார்க்கிறோமோ அது இல்லாமல் வேலையே நடக்காது என்று தோன்றிவிடும். பிஸ்கட் ஜாயினர், பிராட் நெயிலர், டிரம் சாண்டர் என்று பட்டியல் நீளும். நிகழ்ச்சிக்குப் பணம் தருபவர்கள் யார் என்று தொடக்கத்திலேயே ஒரு வரி வரும், அதைக் கவனித்தால் பாதி ஆசை அடங்கும். நார்மின் நிகழ்ச்சிக்கு டெல்டா, போர்ட்டர் கேபிள் போன்ற கருவி நிறுவனங்கள் உதவின. 1979-இல் தொடங்கிய 'திஸ் ஓல்டு ஹவுஸ்' நிகழ்ச்சியின் முதல் தொகுப்பாளர் பாப் விலா, 1989-இல் வேறொரு கடையின் விளம்பரத்தில் நடித்ததால் நிகழ்ச்சிக்கு ஆதரவு தந்துவந்த ஹோம் டிப்போ என்ற வீட்டுச் சாமான் கடை நிறுவனம் விலகிக்கொண்டது, அவரும் நிகழ்ச்சியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. இதனால் அவர்கள் சொன்னது பொய் என்று ஆகிவிடாது, நார்மின் வேலை நேர்மையான வேலை. ஆனால் அவர் கையில் இருக்கும் மெஷின் உங்களுக்கும் தேவை என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. அதே காலத்தில் ராய் அண்டர்ஹில் என்பவர் 'தி வுட்ரைட்ஸ் ஷாப்' நிகழ்ச்சியில் மின்சாரமே இல்லாமல் உளி, இழைப்புளி, காலால் மிதிக்கும் கடைசல் என்று எல்லாவற்றையும் செய்து காட்டிக்கொண்டிருந்தார், பெரும்பாலும் நிறுத்தாமல் ஒரே ஓட்டத்தில் படமாக்கியதால் விரலில் ரத்தம் வடிவதுகூட அப்படியே ஒளிபரப்பானது. என்னைக் கேட்டால் புதிதாகத் தொடங்குபவர்கள் அவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு நல்ல கைரம்பம், இரண்டு உளி, ஒரு இழைப்புளி, ஒரு மூலைமட்டம், நான்கு கிளாம்ப், இவற்றோடு ஒரு சாணைக்கல். சாணை பிடிப்பதைத் திரையில் அதிகம் காட்ட மாட்டார்கள், பார்க்க சலிப்பாக இருக்கும் என்பதால். மழுங்கிய உளியைப் பலமாக அழுத்தும்போதுதான் அது வழுக்கிக் கையில் ஏறுகிறது.

டேபிள் சா பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் விரல் போகிறது. அமெரிக்காவில் ஆண்டுக்கு சுமார் 30,000 பேர் இந்த ஒரு மெஷினால் காயப்பட்டு மருத்துவமனைக்குப் போகிறார்கள். பல நிகழ்ச்சிகளில் பிளேடு தெரிய வேண்டும் என்பதற்காக அதன் மேல்மூடியைக் கழற்றிவிட்டுப் படம் எடுப்பார்கள். அதைப் பார்த்துப் பழகிய நாம் மூடி இல்லாமல் வேலை செய்வதுதான் முறை என்று எடுத்துக்கொள்கிறோம். மூடியைவிடவும் முக்கியம் பிளேடுக்குப் பின்னால் நிற்கும் மெல்லிய தகடு. பலகையை அறுக்கும்போது அறுத்த இடைவெளி மெல்ல மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும், பின்பக்கத்தில் மேல்நோக்கி எழும் பற்கள் பலகையைத் தூக்கி உங்கள் வயிற்றை நோக்கி எறியும். கண் இமைக்கக்கூட நேரம் இருக்காது. அந்தத் தகடு இடைவெளியை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது, அதைக் கழற்றவே கழற்றாதீர்கள். பலகைக்கு நேர் பின்னால் நிற்காமல் சற்று ஒதுங்கி நில்லுங்கள். கையுறை போடாதீர்கள், சுழலும் பிளேடு துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

இன்னொரு சின்ன விஷயம், நானே பத்துப் பதினைந்து பகுதிகள் பார்த்த பிறகுதான் கண்ணில் பட்டது. ஒரே நீளத்தில் பல துண்டுகளைக் குறுக்கே அறுக்கும்போது கைதேர்ந்தவர்கள் டேபிள் சாவின் பக்கவாட்டு ஃபென்ஸின் (பலகையை நேராக நகர்த்த உதவும் தடுப்புச் சட்டம்) முன்பகுதியில் ஒரு சிறு மரக்கட்டையைக் கிளாம்ப் போட்டு இறுக்குவார்கள். துண்டை அந்தக் கட்டையில் முட்டவைத்து அளவு பிடிப்பார்கள், பிளேடுக்குத் துண்டு போய்ச் சேரும்போது பக்கத்தில் ஃபென்ஸ் இருக்காது, காலி இடம்தான் இருக்கும். அந்தக் கட்டை இல்லாமல் ஃபென்ஸையே அளவாக வைத்து அறுத்தால் துண்டு ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவே சிக்கிப் பறக்கும். கட்டை திரையில் இரண்டு நொடிதான் தெரியும்.

சரி, மரத்துக்கு வருவோம். நான் செய்த முதல் டீப்பாய்க்கு இரண்டு அடி அகல ஓக் மேல்பலகை, கீழே சட்டத்தோடு பசை போட்டு ஸ்குரூவும் முடுக்கி ஆடாமல் அசையாமல் நிறுத்தியிருந்தேன். ஜனவரியில், வீட்டில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்த ஒரு இரவு, ஹாலில் கிளை முறிந்த மாதிரி சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் ஒரு முனையிலிருந்து முக்கால் அடி நீளத்துக்கு வெடிப்பு, உள்ளே மரத்தின் வெளிர் நிறம் தெரிகிறது. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது, அகலவாக்கில் ஈரத்துக்கு உப்பும், வறட்சிக்குச் சுருங்கும். இரண்டு அடி ஓக் பலகை கோடைக்கும் குளிருக்கும் இடையே கால் அங்குலம்கூட மாறலாம். டிவியில் மேசை செய்து முடித்த அன்றே நிகழ்ச்சி முடிந்துவிடும், அந்த மேசையின் முதல் குளிர்காலத்தை யாரும் காட்டுவதில்லை. மேல்பலகையைச் சட்டத்தோடு சேர்க்கும்போது ஸ்குரூத் துளையை நீள்வட்டமாக இழுத்துவிடுங்கள், பலகை நகர இடம் கிடைக்கும்.

பிராட் என்னும் மெல்லிய சிறு ஆணி பற்றியும் ஒரு வார்த்தை. நார்ம் பசை தடவி நாலு ஆணி அடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அந்த ஆணி பசை காயும் வரை பிடித்துக்கொள்ளத்தான், இணைப்பின் பலம் அதில் இல்லை. கிளாம்ப் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள், பாரம் ஏற்றுவதற்கு ஒரு நாள் பொறுங்கள். அப்புறம், இங்கே 'டூ பை ஃபோர்' என்று சொல்லும் சட்டம் உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்கும். வரைபடத்தில் இரண்டுக்கு நாலு என்று போட்டு எல்லாத் துண்டையும் அறுத்த பிறகு இது தெரியவந்தால் அழுகைதான் வரும்.

வீட்டைப் புதுப்பிக்கும் நிகழ்ச்சிகளில் எனக்குப் பெரிய கவலை, முதல் நாளே சம்மட்டியைத் தூக்கிச் சுவரை உடைக்கும் காட்சி. அந்தச் சுவர் மேல்தளத்தைத் தாங்குகிறதா, உள்ளே வயரும் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று முன்பே ஒருவர் பார்த்துச் சொல்லியிருப்பார், அது திரைக்கு வராது. 1978-க்கு முன் கட்டிய அமெரிக்க வீடு என்றால் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, அந்தத் தூசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். 'ஃபிக்ஸர் அப்பர்' நிகழ்ச்சிப் புகழ் சிப், ஜோன்னா கெய்ன்ஸ் தம்பதியின் நிறுவனமே ஈயப் பாதுகாப்பு விதிகளைச் சரியாகப் பின்பற்றாததற்காக 2018-இல் 40,000 டாலர் அபராதம் கட்டியது. உடைப்பதற்கு முன் பரிசோதனை செய்யுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் செய்யுங்கள்.

ஊருக்குப் போகும்போது அண்ணனுக்கு, மச்சானுக்கு என்று இங்கிருந்து ரூட்டர் (மரத்தில் பள்ளமும் விளிம்பும் செதுக்கும் மெஷின்) வாங்கிப் போகிறவர்களும் கவனியுங்கள். இங்கே 120 வோல்ட், அங்கே 230. நேராகச் சொருகினால் சுவிட்சைப் போட்டதும் கருகிவிடும். அதைத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் நல்ல கனமாக இருக்கும், அந்தக் காசுக்கு அங்கேயே நல்ல மெஷின் வாங்கலாம்.

கடைசியாக எண்ணெய்த் துணி. லின்சீட் எண்ணெய் தடவிப் பளபளவென்று மேசையைக் காட்டி நிகழ்ச்சியை முடிப்பார்கள், துடைத்த துணி எங்கே போனது என்று கேமரா காட்டாது. அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் உள்ளே சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். நெருப்பு தேவையே இல்லை. நான் இப்போது ஒவ்வொரு துணியையும் பிரித்து வெளியே வேலிக் கம்பியில் தனித்தனியாகத் தொங்கவிடுகிறேன். மழை நாளில் மூடியுள்ள இரும்பு டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதற்குள் போட்டு, கராஜுக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் தூங்கப் போகிறேன்.