தமிழ்நாட்டு முகாமிலிருந்து வன்னிக்கு: கந்தோரிலும் பள்ளிக்கூடத்திலும் உங்கள் மொழி

மண்டபம் அகதி முகாமிலோ திருச்சி கொட்டப்பட்டிலோ பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு, இலங்கையின் வடக்கில் இருக்கும் வன்னி வெளிநாடுதான். அம்மப்பாவின் காணி முல்லைத்தீவில் இருக்கலாம், பிள்ளை அதைக் கண்டதில்லை. ஆகவே தாய் தகப்பனோடு பிள்ளைகளும் இதை வாசிக்கட்டும்.

கடதாசி வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பிறப்புச் சான்றிதழ், சென்னைத் துணைத் தூதரகம் ஊடாக எடுத்த குடியுரிமைச் சான்றிதழ், பள்ளிக்கூடத்து டீ.சி. (மாற்றுச் சான்றிதழ்) ஆகியவற்றின் மூலப் பிரதிகளைக் கையோடு கொண்டுவாருங்கள். வந்ததும் ஜீ.எஸ். என்னும் கிராம சேவகரிடம் பதிவு, பிறகு பிரதேச செயலகம். அடையாள அட்டையில் பெயர் தமிழிலும் சிங்களத்திலும் வரும். தமிழில் ஒரே ‘க’வை வைத்து எழுதும் ஒலிகளுக்குச் சிங்களத்தில் தனித்தனி எழுத்து இருப்பதால், எழுதுபவர் தன் காதில் விழுந்தபடி எழுதிவிடுவார். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு விண்ணப்பத்தைக் கொடுங்கள். பிறகு திருத்த அலைவது பெரிய தலையிடி.

இனி விஷயத்துக்கு வருவோம். 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் போட்ட நாட்டில், 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. அடுத்த வருடம் வந்த 16ஆவது திருத்தம், வடக்கு கிழக்கில் அரச அலுவல்களும் பதிவேடுகளும் தமிழில் நடக்கவேண்டும் என்றது. கிளிநொச்சிக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இதைச் சொல்லிக் காட்டவேண்டி வராது, அங்கே தமிழ்தான். சிக்கல் கொழும்பிலிருந்து தபாலில் வரும். உங்கள் பெயருக்குத் தனிச் சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தால், பக்கத்து வீட்டாரிடம் வாசிப்பித்துவிட்டு அலுமாரிக்குள் வைக்காதீர்கள். கடிதத்தின் மேலே இருக்கும் இலக்கத்தையும் திகதியையும் குறிப்பிட்டு, “இதைத் தமிழில் அனுப்பிவைக்கவும்” என்று தமிழிலேயே பதில் எழுதிப் பதிவுத் தபாலில் போடுங்கள். பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் ஒன்றாகக் குத்தி வையுங்கள். பதில் வராவிட்டால், 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு அந்தப் பிரதிகளோடு முறைப்பாடு அனுப்பலாம். ஆணைக்குழு இருக்கும் இராஜகிரியவுக்குப் போக வேண்டாம், தபால் போதும்.

பொலிஸில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால், தமிழில் வாசித்து விளங்கப்படுத்தும் வரை ஒப்பம் வைக்காதீர்கள். மரியாதையாகவே சொல்லலாம், ஆனால் சொல்லத்தான் வேண்டும்.

இதே மொழிச் சட்டத்துக்கு மறுபக்கமும் உண்டு. வவுனியா தெற்கில் சிங்களக் கிராமங்கள் இருக்கின்றன. அங்கிருந்து வரும் கமக்காரர் வடக்கில் இருக்கும் அரச கந்தோரில் (அலுவலகத்தில்) சிங்களத்தில் கேட்டுச் சிங்களத்தில் பதில் பெறலாம். “எங்கட இடத்தில என்ன சிங்களம்” என்று வரிசையில் நின்று முணுமுணுப்பவர்களை நீங்களும் காண்பீர்கள். அவர்களோடு சேராதீர்கள். கொழும்பில் நாங்கள் கேட்பதைத்தான் அந்த மனிசன் இங்கே கேட்கிறார்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளை தமிழிலேயே படிக்கும். புதிதாகச் சிங்களப் பாடம் இருக்கும், அதற்கு ஒரு ரியூசன் பார்த்துவிடுங்கள். சமயமும் இங்கே சாதாரண தரம் (பதினோராம் வகுப்பு) வரை கட்டாயப் பாடம், சைவமோ கத்தோலிக்கமோ இஸ்லாமோ அவரவருடையது. பாடங்களை விடப் பேச்சுத்தான் பிள்ளையை வருத்தும். வாய் திறந்தவுடன் வகுப்புப் பெடியள் “இந்தியா” என்று பட்டம் வைப்பார்கள். அது கொஞ்ச நாளில் அடங்கும். அடங்காமல், ஆசிரியரே சேர்ந்து சிரித்தால் அதிபரிடம் போங்கள். இலங்கை 1980இல் இணைந்த குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 27ஆம் உறுப்புரை, சிறுபான்மையினர் தம்மவரோடு கூடித் தங்கள் பண்பாட்டை அனுபவிக்கவும், சமயத்தைக் கைக்கொள்ளவும், மொழியைப் பேசவும் உள்ள உரிமையைச் சொல்கிறது. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை பிள்ளைகளுக்கும் அதையே சொல்கிறது. அதிபருக்கு இலக்கம் சொல்லத் தேவையில்லை. ஆனால் அரசாங்கத்திடம் இந்த உரிமையைக் கேட்கும் நாங்கள், இராமநாதபுரத்துப் பேச்சோடு வந்த பிள்ளையைக் கேலி செய்வது எந்த நியாயம்?

வன்னி ஒரே வார்ப்பில் ஊற்றிய இடமல்ல. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள் உங்களுக்கு அயலவர்களாக இருப்பார்கள். 1990இல் துரத்தப்பட்ட முஸ்லிம்கள் மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் திரும்பி வந்திருக்கிறார்கள். மடு மாதாவின் ஆவணித் திருவிழாவில் தமிழ்ச் செபமும் சிங்களச் செபமும் கேட்கும். ஊர்ச் சங்கத்திலோ கோயில் சபையிலோ யாராவது வெளியிலிருந்து வந்தவர்களை “வந்தான் வரத்தான்” என்று இளக்காரமாகப் பேச்செடுத்தால், அது உங்களைப் பற்றி இல்லாவிட்டாலும் வாய் திறவுங்கள்.

வைகாசியில் முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வரும். கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, அந்த உப்புநீரில் விளக்கு எரிப்பது முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் நடக்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், வயதானவர்களிடம் கதையைக் கேட்கவிடுங்கள். பொங்கலன்று வற்றாப்பளைக்கு நேரத்தோடு வெளிக்கிடுங்கள், பின்னேரமானால் பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடையாது.