பழைய வண்டிக்குக் கூலன்ட்: சேலத்தில் நாம் செய்யும் தவறுகள்

'நம்ம ஊர்ல என்ன பனியா உறையுது? ரேடியேட்டர்ல கூலன்டுக்குப் பதிலா தண்ணி ஊத்தினா போதும்.' சேலத்தில் பழைய ஜீப், அம்பாசடர் வைத்திருக்கும் பலர் இப்படித்தான் சொல்கிறார்கள். முதல் தவறு இதுதான். உறையாமல் காப்பது கூலன்டின் ஒரு வேலை மட்டுமே. துருவைத் தடுப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும்தான் நமக்கு வேண்டியவை. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காடு சேரும்போது, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். முதல் கியரில் மெதுவாக ஏறும் வண்டிக்கு எதிர்க்காற்றும் குறைவு. வெறும் தண்ணீர் இங்கேதான் கைவிடும்.

அடுத்தது நிறத்தைப் பார்த்து வாங்குவது. பச்சை என்றால் பழைய வண்டிக்கு, சிவப்பு என்றால் புது வண்டிக்கு என்ற பேச்சை நம்பாதீர்கள். நிறம் வெறும் சாயம். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதி எதுவும் இல்லை. பார்க்க வேண்டியது துருத் தடுப்பு ரசாயனத்தின் வகையை. அம்பாசடர் போன்ற வண்டிகளில் எஞ்சின் வார்ப்பிரும்பு, ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். அதன் இணைப்புகள் ஈயப் பற்றவைப்பு. சிலிகேட் சேர்ந்த பழைய ஐஏடி (கனிம உப்புகளால் துருவைத் தடுப்பது) வகை இவற்றுக்கு ஏற்றது. உலோகத்தின் மேல் சீக்கிரம் படலம் கட்டிவிடும், ஆனால் இரண்டு வருடத்தில் மாற்ற வேண்டும். ஐந்து வருடம் வரும் என்று விற்கும் ஓஏடி (கரிம அமிலங்களால் துருவைத் தடுப்பது) வகை அலுமினிய எஞ்சின்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. அதில் சில, ஈயப் பற்றவைப்பையும் எஞ்சின் இணைப்புகளில் ஒழுகாமல் தடுக்கும் பழைய கேஸ்கெட்டுகளையும் பாதிக்கலாம். 'எல்லா வண்டிக்கும்' என்று போட்டிருந்தாலும், செம்பு, பித்தளை, ஈயப் பற்றவைப்புக்கு ஏற்றதா என்று லேபிளில் தேடுங்கள். இரண்டு வகையையும் கலக்கவே கூடாது. கலந்தால் தடுப்பு ரசாயனம் வலுவிழக்கும். சில கலவைகள் கெட்டியாகிக் குழாயையும் அடைக்கும்.

உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத வண்டியா? முழுக்க வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். ரேடியேட்டர் அடியில் மட்டும் திறந்தால் பாதிதான் வரும். பல வண்டிகளில் எஞ்சின் பிளாக்கிலும் டிரெயின் பிளக் உண்டு.

சேலத்தில் பெரிய விஷயம் தண்ணீர். சூரமங்கலத்தை ஒட்டிய குன்றுகளில் மாக்னசைட் என்ற மக்னீசியத் தாது இருக்கிறது. இந்தப் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் உப்புகள் கரைந்த கடின நீர். வீட்டு வாட்டர் ஹீட்டர் காயிலில் படியும் அதே வெள்ளை உப்பு எஞ்சினுக்குள்ளும் படிந்து வெப்பத்தை வெளியே விடாமல் தடுக்கும். பாஸ்பேட் உள்ள கூலன்டை இந்தத் தண்ணீரில் கலந்தால் படிவு இன்னும் கூடும். எனவே டிஸ்டில்டு வாட்டர்தான். கூலன்ட் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

கான்சன்ட்ரேட் (தண்ணீர் கலக்காத கூலன்ட்) என்றால் அதே அளவு தண்ணீர் சேருங்கள். 'ரெடி டு யூஸ்' என்று போட்டிருந்தால் ஒரு சொட்டுகூடச் சேர்க்காதீர்கள். கலக்காமல் அப்படியே கான்சன்ட்ரேட்டை ஊற்றினால் நல்லது என்று நினைப்பதும் தவறு. கூலன்டின் முக்கியப் பொருளான கிளைகால் தண்ணீரைவிடக் குறைவாகவே வெப்பத்தைச் சுமக்கும். எஞ்சின் கூடுதலாகத்தான் சூடாகும்.

சூடு ஏறினால், எஞ்சின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் வைக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் பழக்கம் நம் பக்கம் உண்டு. கழற்றினால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடித் தேயும். சில எஞ்சின்களில், ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றிவரும் பைபாஸ் வழி மூடாமல் இருந்து, சூடு குறைவதற்குப் பதில் ஏறும். ஒழுகினால் மஞ்சள் தூள் போடுவதும் அப்படித்தான். ஓட்டையோடு குறுகலான குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும். அவசரத்துக்குப் போட்டிருந்தாலும் சேலம் இறங்கியதும் ரேடியேட்டரைக் கழற்றிப் பற்றவைத்துவிடுங்கள்.

ரேடியேட்டர் மூடியையும் மறந்துவிடுகிறோம். 15 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) மூடியின் அழுத்தத்தில் சரிபாதிக் கலவை தரைமட்டத்தில் 129 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வாஷர் போய்விட்டால் அந்தப் பலன் முழுதும் போய்விடும். வண்டிக்குச் சொன்ன அழுத்தத்துக்கு மேல் மூடி போட்டாலோ பழைய ரேடியேட்டரின் பற்றவைப்பு பிளக்கும். சூடாக இருக்கும்போது அதைத் திறக்கவே வேண்டாம், மலையில் எத்தனை பேர் பின்னால் ஹாரன் அடித்தாலும்.

வடித்த பழைய கூலன்டைத் தெருவிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிக்கும். நாயும் மாடும் நக்கிவிடும். கொஞ்சம் போனாலே சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். மூடி போட்ட கேனில் ஊற்றி, பழைய ஆயிலை முறைப்படி அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.