இலைச்சாற்றில் வெள்ளி நானோ துகள்: தயாரிப்பதும், வெங்காய வேரில் சோதிப்பதும்

சாற்றைக் கலந்தோம், நிறம் மாறியது, நானோ துகள் தயார் என்று பலர் அத்தோடு முடித்துவிடுகிறார்கள். தயாரிப்பது சுலபம்தான்; அது செடியின் செல்லுக்குள் என்ன செய்கிறது என்று சொல்லத்தான் மெனக்கெட வேண்டும். இதற்கு வெள்ளியைத் தரும் உப்பான சில்வர் நைட்ரேட் தோலில் பட்டால் கறுத்துவிடும், கண்ணில் பட்டால் ஆபத்து. அதனால் ஆய்வகத்தில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு மட்டும்.

முதலில் சாறு. 10 கிராம் வேப்பிலையை அலசி, நறுக்கி, 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் வடிதாளில் வடிகட்டுங்கள். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது: அதிலிருக்கும் குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளை வீழ்படிவாக இறங்கிவிடும்.

அப்புறம், 100 மி.லி. நீரில் 17 மில்லிகிராம் சில்வர் நைட்ரேட்டைக் கரைத்தால் 1 மில்லிமோலார் கரைசல். அதில் 90 மி.லி. எடுத்து, 10 மி.லி. சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையை அலுமினியத் தாளால் சுற்றி வையுங்கள். சாற்றிலுள்ள ஃபீனால் சேர்மங்கள் வெள்ளி அயனிக்கு எலக்ட்ரான் கொடுத்து அதை உலோகமாக்கும், புரதம் மாதிரியானவை துகளைப் போர்த்தி, ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். மஞ்சள் மெல்லப் பழுப்பாகும். ஆனால் கண்ணை நம்பாதீர்கள், வேப்பிலைச் சாறே கொஞ்சம் பழுப்புதான். எந்த அலைநீள ஒளியைக் கரைசல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் நிறமாலைமானியில் 400 முதல் 450 நானோமீட்டருக்குள் உறிஞ்சல் முகடு வருகிறதா என்று பாருங்கள். துகளின் அளவும் வடிவமும் தெரிய எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

வேகமாகச் சுழற்றித் துகளை அடியில் படியவைக்கும் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேல்நீரை ஒரு புட்டியில் கொட்டி, புது நீரில் கலக்கி, இதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். எஞ்சிய அயனிகளைக் கழுவத்தான் இது.

சரி, இனி வெங்காயம். அடிப்பகுதி நீரைத் தொடும்படி வைத்தால் வேர் விடும். 2 செ.மீ. வளர்ந்ததும் நான்கு கிண்ணங்களாகப் பிரியுங்கள்: வெறும் நீர், துகள், சாறு மட்டும், சில்வர் நைட்ரேட் மட்டும். கடைசி இரண்டையும் விட்டால் மொத்த உழைப்பும் வீண், ஏனென்றால் வெள்ளி அயனியே செல்லுக்கு நஞ்சு. சில்வர் நைட்ரேட் கிண்ணத்திலும் அதே சேதம் தெரிந்தால் பழியைத் துகள்மேல் போட முடியாது.

24 மணி நேரம் கழித்து வேர்நுனியை வெட்டி, மூன்று பங்கு எத்தனாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்ததில் ஊறவையுங்கள். பிறகு 60 டிகிரியில் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் மென்மையாக்கி, அசிட்டோகார்மின் சாயமேற்றி, ஸ்லைடில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்குங்கள். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஆயிரம் செல்லாவது எண்ணி, பிரிந்துகொண்டிருப்பவை எத்தனை சதவீதம் என்று குறியுங்கள். பிரியும் இரு குரோமோசோம் கூட்டங்களுக்கு நடுவே அறுபடாத இழை ஒன்று பாலம்போல் நிற்கும், சில செல்களில் உட்கருவுக்குப் பக்கத்தில் குட்டி உட்கரு ஒன்று ஒதுங்கிக் கிடக்கும். இவை குரோமோசோம் சேதத்தின் அடையாளங்கள், இவற்றைத் தனியாக எண்ணுங்கள்.

மிச்சக் கரைசலைத் தொட்டியில் ஊற்றாமல் தனிப் புட்டியில் சேர்த்து, ஆய்வகத்தின் உலோகக் கழிவோடு கொடுத்துவிடுங்கள்.