கல்லோயாவில் படகேறும் முன்: மலையகத்தார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதுளைக்குக் கிழக்கே மலைகளில் பிறந்து இறங்கும் கல்லோயா ஆற்றை இங்கினியாகலையில் அணை கட்டி மறித்ததில் உருவானதுதான் சேனாநாயக்க சமுத்திரம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர்த்தேக்கம் இது. பள்ளத்தாக்கு மூழ்கியபோது குன்றுகளின் உச்சிகள் மட்டும் தீவுகளாக எஞ்சின. 1954இல் சுற்றியுள்ள காடு தேசியப் பூங்காவானது. புல்லைத் தேடி ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு யானைகள் நீந்திப் போவதைப் படகிலிருந்தே பார்க்கலாம். ஆனால் போகிற எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. பெரும்பாலும் காரணம், புறப்படும் முன்பே செய்துவிடும் தவறுகள்தான்.

முதல் தவறு மாதத்தைப் பார்க்காமல் லீவைப் பார்ப்பது. தோட்டங்களில் குடும்பமாகப் பயணம் போவது தீபாவளிக்கோ, மார்கழி லீவுக்கோ, பொங்கலுக்கோதான். அந்த மூன்றுமே கிழக்கில் மழைக் காலத்தில் வருகின்றன. மழையில் நீர் ஏறினால் கரையோரப் புல் மூழ்கிவிடும். காட்டுக்குள்ளேயே தண்ணீரும் தழையும் கிடைப்பதால் யானைகள் கரைக்கு வரத் தேவையில்லை. மார்ச் முதல் ஜூலை வரை நீர் மெல்ல வற்றும். வெளிப்பட்ட ஈரமண்ணில் இளம்புல் முளைக்கும். அதை மேயத்தான் யானைகள் கூட்டம் கூட்டமாக இறங்குகின்றன. சித்திரைப் புத்தாண்டு லீவு இந்தக் காலத்துக்குள் விழுவது நல்ல வாய்ப்பு. ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் போவதானால் காலைப் படகையே கேளுங்கள். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பிற்பகலில் பலமாக அடித்தால் திறந்த நீரில் அலை எழும்பும், சிறிய படகில் தண்ணீர் தெறிக்கும்.

அடுத்தது நேரக் கணக்கு. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை வழியாக வந்தாலே மூன்று மணி நேரமாவது பிடிக்கும். ஹட்டன் பக்கத்திலிருந்து அரை நாளுக்கு மேல். இரவு வேனில் ஏறி விடியற்காலைப் படகைப் பிடிக்கலாம் என்று திட்டமிடாதீர்கள். பிபிலையிலிருந்து நில்கல வழியாக வரும் காட்டுப் பாதையில் இருட்டில் யானை நிற்கும். வளைவில் திரும்பிய பிறகு பிரேக் பிடித்துப் பயனில்லை. முதல் நாளே இங்கினியாகலையிலோ அம்பாறையிலோ வந்து தங்குவது சரி. அதற்கு வசதி இல்லையென்றால் காலையில் புறப்பட்டுப் பிற்பகல் படகில் ஏறுங்கள். நடுப்பகல் படகு மட்டும் வேண்டாம். வெயிலில் யானைகள் மர நிழலுக்குள் போய்விடும். கூரையில்லாத படகில், குளிரூருக்குப் பழகிய பிள்ளைகளுக்குத் தலைவலி வந்துவிடும். தொப்பியும் முழுக்கைச் சட்டையும், ஆளுக்கு ஒரு லீட்டர் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். படகில் கழிப்பறை கிடையாது. ஏறும் முன்பே எல்லோரும் போய்வந்துவிட வேண்டும்.

படகையும் நுழைவுச் சீட்டையும் முன்கூட்டியே உறுதி செய்யாமல் போய் நிற்பதும் வழக்கமாக நடக்கிறது. உள்நாட்டவருக்கான கட்டணத்துக்கு அடையாள அட்டை தேவை. வெளிநாட்டு உறவினர் கூட வந்தால் அவருக்குக் கட்டணம் வேறு, பலமடங்கு அதிகம்.

உயிர்காப்பு அங்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கொக்கியைப் பூட்டாமல் உட்காருகிறவர்கள் அதிகம். பூட்டி, பட்டிகளை இறுக்கிய பிறகு, இன்னொருவர் தோள்பட்டைப் பக்கம் பிடித்து மேலே இழுத்துப் பார்க்கட்டும். அங்கி நாடிக்கு மேல் ஏறினால் அது தளர்வு. தண்ணீரில் விழுந்தால் தலை வழியே கழன்றுவிடும். பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் அங்கியைப் போட்டுவிடக் கூடாது. அளவானது இல்லையென்றால் அந்தப் படகில் பிள்ளையை ஏற்றாதீர்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

யானையைக் கண்டதும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து சாய்வதுதான் படகில் மிக ஆபத்தான கணம். உட்கார்ந்தபடியே பாருங்கள். படகோட்டியை வேகமாகப் போகவும் அவசரப்படுத்தாதீர்கள். மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் நீருக்கடியில் இன்னும் நிற்கின்றன. அவற்றில் ஒன்று மோட்டரின் விசிறியில் பட்டால் நடுநீரில் நிற்க வேண்டியதுதான்.

எல்லாவற்றையும்விட மோசமானது “இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க” என்று கேட்பது. நீந்தும் யானையின் தும்பிக்கை நுனியும் தலையின் மேற்பகுதியும்தான் வெளியே தெரியும். அதற்கும் அது போகிற கரைக்கும் நடுவில் படகு புகுந்தால், அது திசை மாறி இன்னும் நெடுந்தூரம் நீந்த நேரும். கூட்டத்தில் குட்டி இருந்தால் அது களைத்துப் பின்தங்கும். ஆகவே பக்கவாட்டில் தள்ளி நின்று, மோட்டரை அணைத்து, கரையேறும் வழியை விட்டுவிடச் சொல்லுங்கள். கரையில் மேயும் கூட்டம் காதை விரித்து, தலையை உயர்த்தி, குட்டியை நடுவில் இழுத்துக்கொண்டால் படகு அளவுக்கு மீறி நெருங்கிவிட்டது என்று அர்த்தம். சத்தமில்லாமல் பின்வாங்க வேண்டும். தூரத்திலிருந்து பார்க்க 8 மடங்கு பைனாகுலரே போதும். ஆடும் படகில் 10 மடங்கில் பார்த்தால் உருவம் நடுங்கும்.

நீர்த்தேக்கத்தில் உள்ள பறவைத் தீவில் நீர்க்காகங்களும் நாரைகளும் கூடு கட்டியிருக்கும்போது விசிலடிப்பதும் கைதட்டிப் பறக்கவிடுவதும் படம் எடுக்கச் செய்கிற வேலை. தாய்ப்பறவை எழுந்த சில நிமிடங்களிலேயே முட்டைகள் வெயிலில் சூடேறும், காகம் வந்து கொத்தும். தீவில் இறங்குவதும் வழிகாட்டி அனுமதித்த இடத்தில் மட்டும். நீர்விளிம்பில் கால் நனைக்கவே வேண்டாம், முதலைகள் இருக்கின்றன. சாப்பாட்டை லஞ்ச் ஷீட்டில் கட்டாமல் வாழையிலையிலோ டப்பாவிலோ கொண்டுபோங்கள். பொலித்தீனைப் பூங்காவுக்குள் எடுத்துப்போக விடமாட்டார்கள்.

பிற்பகல் படகு கரை சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும். அந்த நேரத்தில் நில்கல பாதையில் வேனைத் திருப்பாதீர்கள். அம்பாறைக்குப் போய்த் தங்கிவிட்டு, விடிந்தபின் ஊர் திரும்புங்கள்.