சிக்கனம் சாயமேற்றும் இயந்திரத்தில் தொடங்கட்டும்: சிறு சாயப்பட்டறைகளுக்கு ஒரு வழிகாட்டி

சாயக் கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டதை எதிர்த்து விவசாயிகள் பல்லாண்டுகள் நடத்திய வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பின், கழிவு நீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்த பட்டறைகளே இயங்க முடிகிறது. அந்தச் சுத்திகரிப்புச் செலவைக் குறைக்க வேண்டுமென்றால் பெரும்பாலோர், கழிவு நீரை வடிகட்டும் ஆர்.ஓ. சவ்வையும், மிஞ்சும் உப்பு நீரைக் காய்ச்சி வற்றவைக்கும் ஆவியாக்கியையும் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் ஆவியாக்கி எவ்வளவு விறகை எரிக்கப்போகிறது என்பது, துணி சாயமேறும் இயந்திரத்திலேயே முடிவாகிவிடுகிறது.

முதலில் அளவிடுங்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித் தண்ணீர் மீட்டர் பொருத்தி, லாட் வாரியாக (ஒரே தடவையில் சாயமேற்றும் துணி ஒரு லாட்) துணியின் எடை, நிறம், எத்தனை முறை தண்ணீர் நிரப்பப்பட்டது, எத்தனை கிலோ உப்பு போடப்பட்டது, மறுசாயம் தேவைப்பட்டதா என்பவற்றை ஒரு மாதம் நோட்டில் எழுதி வாருங்கள். ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் என்ற கணக்கு கையில் இல்லாமல் புதிய இயந்திரத்துக்கு விலை கேட்கப் போவது வீண்.

அடுத்து, பட்டறையில் எம்.எல்.ஆர். என்று சொல்லப்படும் துணி–நீர் விகிதம். 500 கிலோ துணியை 1:10 விகிதத்தில் சாயமேற்றினால் 5,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் கிளாபர் உப்பு (சோடியம் சல்பேட்) என்று கொண்டால், ஒரு லாட்டுக்கு 300 கிலோ உப்பு. அதே துணியை 1:6 விகிதத்தில் ஓடும் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் (துணியை நீரோட்டத்தால் மெல்லச் சுற்றவைப்பது) போட்டால் 3,000 லிட்டர் தண்ணீரும் 180 கிலோ உப்பும் போதும். உப்பு துணியில் தங்குவதில்லை; சாயத்தைத் துணியின் பக்கம் தள்ளிவிட்டு, ஏறக்குறைய முழுவதும் கழிவு நீரில் போய்ச் சேர்கிறது. ஆகவே இந்த மாற்றத்தில் மிச்சமாகும் 120 கிலோ, உப்பு வாங்கும்போது ஒரு முறையும், அதைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்கும்போது இன்னொரு முறையும் பணத்தை மிச்சப்படுத்துகிறது. விகிதம் குறையும்போது சாயம் துணியில் ஏறும் அளவும் கூடுவதால், லிட்டருக்கான உப்பையும் சற்றுக் குறைக்க இடமிருக்கும். ஆனால் ஆய்வகத்தில் அதே விகிதத்தில் மாதிரி போட்டுப் பார்க்காமல் ரெசிபியை மாற்றக் கூடாது. இயந்திரத்தில் பாதி லோடு மட்டும் ஏற்றினால் விகிதம் தானாக ஏறிவிடும் என்பதையும் மறக்கலாகாது. 500 கிலோ இயந்திரத்தில் 200 கிலோ லாட்டைப் போடும் வழக்கத்தை நிறுத்துவதற்குப் பைசா செலவில்லை, திட்டமிடுபவர் மனம் வைத்தால் போதும்.

பிளீச்சிங்குக்குப் பின் துணியில் எஞ்சும் பெராக்சைடு சாயத்தைச் சிதைக்கும் என்பதால் பல முறை அலசுகிறார்கள். பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் என்சைம் சேர்த்து, சோதனைத் தாளை நனைத்துப் பெராக்சைடு இல்லை என்று உறுதி செய்துகொண்டால், அந்த அலசல்களில் சிலவற்றை விட்டுவிடலாம். மேலே வழியவிட்டு அலசும் ஓவர்ஃப்ளோ முறையைவிட, நிரப்பி, ஓட்டி, வடிக்கும் முறையில் தண்ணீர் கணிசமாகக் குறைவு.

சுத்திகரிப்பு நிலையம் திருப்பித் தரும் உப்புக் கரைசலைப் பயன்படுத்துவோர் மூன்றைச் சோதிக்க வேண்டும். கால்சியம், மெக்னீசியக் கடினத்தன்மை இருந்தால் சாயம் திரிந்து நிறம் மங்கும். காரத்தன்மை கூடினால், சாயத்தைத் துணியில் பிடிக்கவைக்கும் சோடாவைப் போடுவதற்கு முன்பே சாயம் பிடிக்கத் தொடங்கித் துணி திட்டுத்திட்டாக வரும். உப்பின் அடர்த்தி நாளுக்கு நாள் மாறலாம் என்பதால், ஒவ்வொரு முறையும் ஹைட்ரோமீட்டரில் பார்த்த பிறகே புதிய உப்பு எவ்வளவு சேர்ப்பது என்று கணக்கிட வேண்டும். கரைசல் சரியில்லை என்று மேஸ்திரிகள் குறை சொல்லும்போது, பல இடங்களில் இந்தச் சோதனையே நடந்திருக்காது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் நிறம் தவறி மறுசாயம் போட்டால் மிச்சம் பிடித்தது அத்தனையும் போய்விடும். எனவே முதல் முறையிலேயே நிறம் பொருந்திய லாட்டுகள் நூற்றுக்கு எத்தனை என்பதை மாதந்தோறும் பார்ப்பது அவசியம். துணியைச் சாயக் கரைசலில் நனைத்துப் பிழிந்து, சுருட்டிச் சூடாக்காமல் பல மணி நேரம் வைத்திருக்கும், உப்பே வேண்டாத கோல்டு பேட் பேட்ச் முறையும் உண்டு. ஆனால் அதற்கு முதலீடு அதிகம், பின்னல் துணி இழுபடாமல் கையாளும் தேர்ச்சியும் வேண்டும், சிறு லாட்டுகளுக்கு அது ஒத்து வருவதில்லை.

கடைசியாக, இந்தக் கணக்கை ஆர்டர் தருபவரிடம் கொண்டு செல்லுங்கள். அடர் நிறத்துக்கும் வெளிர் நிறத்துக்கும் கிலோவுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு, எவ்வளவு சுத்திகரிப்புச் செலவு என்று நோட்டிலிருந்து எடுத்து விலைப்பட்டியலில் தனி வரியாகக் காட்டினால், கூலியைக் குறைக்கச் சொல்லிப் பேசுபவர் அந்த வரியையும் சேர்த்தே பேச வேண்டி வரும்.