முதல் ஹாம் செட் வாங்கும் முன் மொட்டைமாடிக்கு ஏறுங்கள்

ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோவுக்கு உரிமம் கிடைத்து, வி.யு.3 என்று தொடங்கும் கால்சைன் (நிலையத்தின் அழைப்புப் பெயர்) கைக்கு வந்ததும் செட் வாங்கக் கை அரிக்கும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் மொட்டைமாடிக்குப் போய், ஆன்டெனா எங்கே நிற்கும், அங்கிருந்து மேசை வரை கேபிள் எத்தனை மீட்டர் ஓடும் என்று அளந்துகொண்டு வாருங்கள். பட்ஜெட்டைத் தீர்மானிப்பது அந்த அளவுதான்.

காரணம் இது. மெல்லிய கறுப்புக் கேபிளான ஆர்.ஜி-58, 145 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 20 டெசிபல் சிக்னலைத் தின்றுவிடும். 20 மீட்டர் ஓடினால் 4 டெசிபல் போச்சு. செட்டிலிருந்து 5 வாட் கிளம்பினால் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது 2 வாட். அதே தூரத்துக்குத் தடித்த ஆர்.ஜி-213 போட்டால் 3 வாட்டுக்கு மேல் போகும். 435 மெகாஹெர்ட்ஸில் ஆர்.ஜி-58 இன்னும் மோசம், 1 வாட் கூடத் தேறாது. கேட்பதிலும் இதே நஷ்டம்தான். ஆகவே இந்த உயர் அலைவரிசைகளுக்கு (வி.எச்.எஃப்., யு.எச்.எஃப்.) கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம்.

முதல் செட்டாக 2 மீட்டர் (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்), 70 செ.மீ. (435 பக்கம்) பேண்டுகள் இரண்டும் உள்ள ஒரு ஹேண்டி, அதாவது கையடக்க செட், போதும். பாவ்ஃபெங் யு.வி-5ஆர் மலிவு, பழகுவதற்குக் குறையில்லை. ஆனால் பெரிய நகரத்தில் மாடி ஆன்டெனாவை மாட்டினால், சுற்றியுள்ள வலுவான சிக்னல்களில் அதன் ரிசீவர் திணறிப்போகும்; ஹேண்டியின் குட்டை ஆன்டெனாவில் கேட்ட நிலையம் மாடி ஆன்டெனாவில் காணாமல் போவது இதனால்தான். ரிசீவரில் நல்ல வடிகட்டி உள்ள செட்கள் இதில் தேவலாம். இன்னொன்று: யு.வி-5ஆர் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். அந்த இடைவெளியில் நமக்கு அனுமதி 144 முதல் 146 வரைதான். சேனல்களை மெமரியில் போட்டு, கீபேடைப் பூட்டிவிடுங்கள்.

கூடவே, கணினியிலிருந்து செட்டில் சேனல்களை ஏற்ற, புரோகிராமிங் கேபிள் ஒன்று வேண்டும். போலி புரோலிஃபிக் சிப் உள்ளவற்றைப் புதிய விண்டோஸ் டிரைவர் ஏற்காது, எஃப்.டி.டி.ஐ. சிப் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். மென்பொருள் சிர்ப், இலவசம். ரிப்பீட்டர் (நம் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) நன்றாகக் கேட்கிறது, நம் குரல் மட்டும் போகவில்லையா? ஷிஃப்ட்டையும் (கேட்கும், அனுப்பும் அலைவரிசைகளின் இடைவெளி) டோனையும் (ரிப்பீட்டரைத் திறக்கும் தாழ்ந்த ஒலி) பாருங்கள். ரிப்பீட்டர் 145.600இல் பேசினால், மைனஸ் 600 கிலோஹெர்ட்ஸ் ஷிஃப்ட்டில் நாம் அனுப்ப வேண்டியது 145.000இல்.

ஆன்டெனாவைக் காசு கொடுத்து வாங்காதீர்கள், செய்யுங்கள். எஸ்.ஓ-239 சாக்கெட் ஒன்று, 2 மி.மீ. செம்பு அல்லது பித்தளைக் கம்பி ஐந்து துண்டு. நடுப் பின்னில் 51 செ.மீ. கம்பியை நேராகப் பற்றவையுங்கள். நான்கு மூலை ஓட்டைகளில் 52 செ.மீ. கம்பிகளைத் திருகி, 45 டிகிரி கீழே வளையுங்கள். வளைப்பது அழகுக்கு அல்ல, இம்பிடன்ஸ் (மின் எதிர்ப்பு) கேபிளின் 50 ஓமுக்குப் பக்கத்தில் வருவதற்காக. ஆன்டெனாவை அளக்கும் சிறு கருவியான நேனோ வி.என்.ஏ.வில் ஓப்பன், ஷார்ட், லோட் மூன்றையும் கேலிபரேட் செய்துவிட்டு எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சிக்னல் திரும்புகிறது என்பதன் அளவு; 1 என்றால் சிறப்பு) பாருங்கள். குறைந்த புள்ளி 142இல் விழுந்தால் நடுக்கம்பி நீளம் என்று பொருள். 1 செ.மீ. வெட்டினால் ஏறத்தாழ 3 மெகாஹெர்ட்ஸ் மேலே நகரும். அதனால் சிறுகச் சிறுக வெட்டுங்கள். 145இல் 1.5க்குக் கீழே வந்தால் போதும், 1.1க்காக மாடிப்படி ஏறி இறங்க வேண்டாம். நேனோ வி.என்.ஏ. மாட்டியிருக்கும்போது அந்த ஆன்டெனா லைனில் செட்டையும் இணைத்து, பேசும் பொத்தானான பி.டி.டி.யை அழுத்திவிடாதீர்கள். கருவி அந்த நொடியே போய்விடும்.

கேபிள் முனையில் மாட்டும் பி.எல்-259 கனெக்டரின் உடலில் கேபிளின் செம்புப் பின்னலைப் பற்றவைக்க 25 வாட் சால்டரிங் அயர்ன் பத்தாது. ஈயம் உருண்டையாக மேலே நிற்கும், ஒட்டியிருக்காது. குறைந்தது 60 வாட் வேண்டும்.

தொலைதூரம் பேசும் எச்.எஃப். (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) ஆசை வந்தால் 40 மீட்டர் பேண்டில் தொடங்குங்கள். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோல் (நடுவிலிருந்து இரு பக்கமும் நீளும் கம்பி ஆன்டெனா) பக்கத்துக்கு 10 மீட்டர்; நடுவை உயரத்தில் கட்டி, முனைகளைச் சரித்து இறக்கினால் இன்வெர்ட்டட் வி. இங்கே ஆர்.ஜி-58 தாராளமாகப் போதும், 20 மீட்டர் கேபிளுக்கு 1 டெசிபல் கூடப் போகாது. 100 வாட் ரிக்குக்கு (மேசை செட்) 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியருக்கு மேல் தரும் பவர் சப்ளை தேவை. எல்.இ.டி. பட்டைக்கு விற்கும் மலிவு எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டினால் பேண்ட் முழுக்க இரைச்சல்தான் கேட்கும். கைவேலை பிடிக்கும் என்றால், ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வகை எச்.எஃப். செட் சர்க்கியூட்டுகளைப் பாருங்கள்.

பழைய ரிக் வாங்குகிறீர்களா? ஒவ்வொரு பேண்டிலும் டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் 50 ஓம் சுமை) அனுப்பிப் பவர் மீட்டரைப் பாருங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு அலைவரிசை நகர்கிறதா என்று கவனியுங்கள். சீரியல் நம்பரும் விற்பவரின் கால்சைனும் எழுதிய ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக வாங்க வேண்டியது ஒரு சுருள் செல்ஃப் அமால்கமேட்டிங் டேப் (தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்). அதை இழுத்துக் கனெக்டரைச் சுற்றி, அதன் மேல் சாதா டேப் போடுங்கள். கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் ஒரு தொங்கல் விட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஐப்பசி இடி தொடங்கினால் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.