ஹனோய்க்குக் கற்பிக்க வருகிறீர்களா? கிளம்பும் நாளை முதலில் நினையுங்கள்

வியட்நாம் தலைநகர் ஹனோயில் என் ஆசிரியப் பரிமாற்ற ஆண்டு இந்த ஜூனோடு முடிகிறது. செப்டம்பரில் புதிய கல்வியாண்டுக்கு வரப்போகும் தமிழ் ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான்: ஊருக்குத் திரும்பும்போது கேட்கப்படும் காகிதங்களில் பெரும்பாலானவை வந்த முதல் சில வாரங்களிலேயே உங்கள் கைக்கு வந்துவிடுகின்றன. அப்போதே ஒரு கோப்பில் போட்டுவைத்தால் கடைசி மாதம் மாணவர்களுக்கும் ஆய்வுக்கும் மிஞ்சும்.

பட்டச் சான்றிதழுக்கு எந்தச் சான்றொப்பம் வேண்டும், எந்தத் தூதரகத்தின் முத்திரை வேண்டும் என்று உங்களை அழைக்கும் பல்கலைக்கழகத்தின் சர்வதேசப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு, ஊரிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள். இங்கு வந்தபின் அதைச் செய்வது பெரும்பாடு.

வாடகை வீடு என்றால், நீங்கள் தங்கியிருப்பதை வீட்டுக்காரர் உள்ளூர்க் காவல் துறையில் பதிய வேண்டும். பதிந்ததற்கான நகலைக் கேட்டு வாங்குங்கள். விசா தொடர்பான வேலைகளுக்குத் தேவைப்படும். சாவி வாங்கும் நாளில் சுவர், கூரை, மெத்தை எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் ஹனோயில் தூறலும் ஈரக்காற்றுமாக இருக்கும். தரை வியர்க்கும், சுவரில் பூஞ்சை படரும், புத்தகங்கள் நமுத்துப்போகும். அந்த நாட்களில் காற்றோட்டத்துக்காக ஜன்னலைத் திறந்தால் ஈரம் இன்னும் கூடும், மூடியே வையுங்கள். முன்பணத்தைத் திருப்பித் தரும்போது அந்தப் பூஞ்சைக்கறையைப் பற்றிப் பேச்சு வந்தால் முதல் நாள் படங்கள்தான் பேசும். டிசம்பர், ஜனவரியில் குளிர் 10 டிகிரி வரைகூட இறங்கும். பல வீடுகளில் சூடேற்றும் வசதி கிடையாது, ஆகவே நல்ல ஸ்வெட்டர் அவசியம்.

பணம். இந்நாட்டு நாணயமான டோங்கில், 20,000 டோங் நோட்டும் 500,000 டோங் நோட்டும் இரண்டுமே நீலம். இரவில் நிதானமாகப் பார்த்துக் கொடுங்கள். சம்பளத்தை ஊருக்கு அனுப்ப வேலை ஒப்பந்தம், சம்பளச் சான்று, வரி கட்டிய சான்று எல்லாம் வங்கி கேட்கும். 183 நாட்களோ அதற்கு மேலோ தங்கினால் வரிக் கணக்கில் நீங்கள் இந்நாட்டில் வசிப்பவர். நாட்டை விட்டுப் போகும் முன் வரிக் கணக்கை முடிக்க வேண்டும். இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால் அந்த வரிச் சான்று ஊரிலும் உதவும். மாதாமாதம் சேர்த்து வையுங்கள்.

வகுப்புகள் காலை 7 மணிக்கே தொடங்கும். நண்பகலில் அலுவலகங்கள் நீண்ட இடைவேளை விடும். அந்த நேரத்தில் கையெழுத்துக்குப் போய் நிற்காதீர்கள். மாணவர்கள் வகுப்பில் அமைதியாக இருப்பதை ஆர்வமின்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பலர் கேள்விகளை அன்றிரவு ஸாலோ என்ற வியட்நாமியச் செய்திச் செயலியில் அனுப்புவார்கள், அதுவும் மிக நல்ல கேள்விகளாக. சிறு குழுக்களாகப் பிரித்தால் வகுப்பிலேயே பேச்சு வரும். நவம்பர் 20 இங்கே ஆசிரியர் தினம். பூங்கொத்தோடு வருவார்கள், கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆவணக் காப்பகத்துக்கோ கிராமத்துக்கோ ஆய்வுக்குப் போக, பல்கலைக்கழகத்தின் சிவப்பு முத்திரை இட்ட அறிமுகக் கடிதம் வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் தனிக் கடிதம், முன்கூட்டியே. டெட் எனும் வியட்நாமியப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் எந்த வேலையும் நகராது, அதையும் திட்டத்தில் கழித்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக் காலத் தென்பகுதி ஆவணங்கள் ஹோ சி மின் நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம் 2-இல் இருக்கின்றன. அங்கே போனால், பென் தான் சந்தைக்கு அருகில் ட்ரூங் டின் தெருவிலுள்ள மாரியம்மன் கோயிலையும் பாருங்கள். பிரெஞ்சுக் காலத்தில் வந்த தமிழர் கட்டியது. இன்று அங்கே கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்.

சாப்பாடு: பாசிப்பருப்பு, புளி, தேங்காய், அரிசி மாவு எந்தச் சந்தையிலும் கிடைக்கும். துவரம்பருப்பை ஊரிலிருந்து கொண்டுவாருங்கள். காய்கறி உணவிலும் மீன் சாறு ஊற்றுவது வழக்கம் என்பதால், சைவ உணவுக்காரர்கள் ‘சாய்’ (chay, அதாவது சைவம்) என்று பலகை வைத்த கடைகளைத் தேடுங்கள்.

கடைசி மாதத்தில் மாணவர்கள் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருவார்கள். பல்கலைக்கழக மின்னஞ்சல் மூடப்படும் முன்பே, அவர்கள் பிறகும் எழுதக்கூடிய முகவரியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.